தளபதி வீழ்ந்தார்

நேற்றுக் காலை எழுத்துப் பெட்டிகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பழைய ஈய எழுத்துகளை எல்லாம் உருக்கப் போட்டுவிடுவதென்று முதலாளி முடிவு செய்துவிட்டார். சென்னையிலிருந்து புது எழுத்து வருகிறதாம். கடைசிப் பெட்டியின் மூலையில், பழுப்புக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தால் உள்ளே இருப்பது முழுக்க 'ஸ்'. நாற்பது ஐம்பது அச்சு இருக்கும். ஒன்றிலும் மை பட்டதில்லை. மண்ணெண்ணெய் நாறும் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும் என்று எழுதத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். நீங்கள் போய் ஐந்து வருடம் ஆகிறது. இனி நினைவு வைத்துக்கொள்கிற வேலை என்னுடையது மட்டும்தான். அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

உயிரோடு இருந்தபோது உங்களை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நீங்கள் மூன்று வயது மூத்தவர். இருந்தும் நீங்கள் என்னை 'அண்ணே' என்பீர்கள், நான் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பேன். நான் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் காடுகரை உள்ள வீட்டுப் பிள்ளை. உங்கள் அப்பா சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். சிம்மக்கல்லில் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் பதினான்கு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நீங்கள் இங்கிலீஷ் தந்தியைத் தமிழாக்கித் தருவீர்கள், நான் அதை அச்சுக் கோர்ப்பேன். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இந்த முறையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இந்த மடலில் மாற்றி எழுதுகிறேன். இதனால் உங்களுக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை.

அந்த 'ஸ்' பொட்டலம், கிரேக்கத் தளபதி ஒருவரைப் பற்றி நம் பத்திரிகையில் நீங்கள் எழுதிய தொடருக்காக வரவழைத்தது. கிரேக்கர்களின் பெயர் எதை எடுத்தாலும் 'ஸ்' என்றுதான் முடியும். தமிழ்ப் பத்திரிகையில் அந்த எழுத்துக்கு என்ன வேலை? பெட்டியில் அதற்குச் சின்னக் குழி ஒன்றுதான், அதில் பத்துப் பன்னிரண்டு அச்சுக்கு மேல் கிடக்காது. உங்கள் கட்டுரையின் முதல் பத்தியே அவ்வளவையும் தின்றுவிடும். அதற்குப் பிறகு நாங்கள் 'சு' போட்டு ஒப்பேற்றுவோம். உங்கள் தளபதி மேலே ஒரு பெயரோடு சண்டைக்குப் போவார், கீழே வேறு பெயரோடு திரும்பி வருவார். திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், இவர்கள் இருவரும் அண்ணன் தம்பியா என்று கேட்டுக் கார்டு போட்டிருந்தார்.

"என்னப்பா, ஒன் தளபதிக்கு எத்தன பேரு?" என்று நான் கேலி செய்தேன்.

"அவருக்கு ஒரே பேருதேண்ணே. நம்மகிட்டதேன் எழுத்து இல்ல" என்றீர்கள். அடுத்த நாளே சென்னைக்கு எழுதிப் போட்டீர்கள்.

அவர் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. எந்த எழுத்தைப் போட்டு எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

முதல் உலக யுத்தத்தில் கோவேறு கழுதை ஓட்டும் பட்டாளத்தில் சேர்ந்து நீங்கள் கிரேக்க தேசத்துக்குக் கப்பலேறியபோது உங்களுக்குப் பத்தொன்பது வயது. சலோனிகா என்ற துறைமுகத்தைப் பற்றி நீங்கள் சொல்லும்போதெல்லாம் நம் அச்சு மிஷின்காரர் கையில் இருந்த எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிடுவார். குளிரில் விறைத்துச் செத்த கழுதைகள், கொசுக்கடிக் காய்ச்சலில் செத்த மனிதர்கள், ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் பொழுது போகாமல் உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்தது, இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் தண்ணீர்க் கதையை மட்டும் நீங்கள் என்னிடம் தனியாகத்தான் சொன்னீர்கள்.

மலை ஏற்றத்தில் கிரேக்க மேஜர் ஒருவர் குதிரையை நிறுத்தி உங்களிடம் தண்ணீருக்குச் சைகை காட்டினார். உங்கள் இடுப்பில் தகரக் குவளை நிறையத் தண்ணீர் இருந்தது. நீங்கள் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்காரரைக் கைகாட்டினீர்கள், அவரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று. மேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. குதிரையிலிருந்து இறங்கி வந்து உங்கள் இடுப்புக் குவளையை உருவி, வாய் வைத்து மடமடவென்று குடித்துவிட்டு, மீதியை உங்களிடமே கொடுத்து நீங்கள் குடிக்கும் வரை நின்றாராம்.

"சோழவந்தான்ல ஆரம்பிச்சு சலோனிகா வரைக்கும் அந்தக் கூச்சத்தைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயிருக்கேன் பாருங்கண்ணே" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரு பேரக் கேட்டு வச்சுக்கிட்டேன். எங்க இருக்காரு, என்ன ஆனாருன்னு தெரிஞ்சுக்கிறணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றீர்கள்.

நம் அச்சகத்தில் சன்னலோரம் ஆணியில் உங்கள் தம்ளர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைக் கேட்டபோது அது என் கண்ணில் பட்டது. பட்டது என்பதோடு சரி.

சொன்னபடியே தெரிந்துகொண்டீர்கள். சிம்மக்கல் பழைய பேப்பர்க் கடைகளுக்குக் கட்டுக்கட்டாக வரும் இங்கிலீஷ் பத்திரிகைகளை, பொட்டலம் மடிக்கப் போவதற்கு முன்னால் கிளறிப் பார்த்துவிடுவீர்கள். மளிகைக் கடைக்காரர்கள் உங்களுக்கென்று எடுத்து வைப்பார்கள். அப்படி இருபது வருடம் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான் அந்த மேஜரின், பிற்பாடு உங்கள் தளபதியானவரின், வாழ்க்கை. தீவு ஒன்றில் மாவு அரைக்கிறவருக்குப் பிறந்தவர். சின்ன அதிகாரியாக மலைகளில் துருக்கியரோடு சண்டை போட்டார். பெரிய யுத்தம் முடிந்ததும் படையோடு துருக்கிக்குள் நுழைந்தார். உப்புப் பூத்த பொட்டல் வெளியில் தண்ணீர் இல்லாமல் படை நின்றது, தோற்றது, கடல் வரை ஓடியது. எரிகிற துறைமுகத்தில் கடைசியாகக் கப்பல் ஏறியவர்களில் அவரும் ஒருவர். தோல்விக்குப் பொறுப்பு என்று சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். இவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். தீவுக்குப் போய்த் திராட்சை பயிரிட்டார். திரும்பக் கூப்பிட்டு ஜெனரல் ஆக்கினார்கள். ஆட்சி மாறியதும் மறுபடி நீக்கினார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். அரசர் வந்தால் ஒரு மாதிரி, அரசர் போனால் ஒரு மாதிரி.

"ஒரு ஆள எத்தன தடவண்ணே வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க?" என்று காப்பியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்பீர்கள். நாம் எழுத்துப் பிரதியைக் காப்பி என்றுதான் சொல்வோம்.

"போற போக்கப் பாத்தா ஒன் கட்டுரை முடியாது போல" என்பேன். முடியக்கூடாது என்பதுதான் உங்கள் ஆசை என்று எனக்குத் தெரியும்.

இத்தாலிக்காரன் கிரேக்கத்தின் மேல் படையெடுத்த அந்தக் குளிர்காலத்தில், அவரைத் தீவிலிருந்து மறுபடி அழைத்து ஒரு படையைக் கொடுத்தார்கள். அவர் பனிமலையில் இத்தாலிக்காரனை அடித்துத் துரத்தினார். அப்போதுதான் முதலாளி உங்களைக் கூப்பிட்டு, வாரம் இருமுறை வருகிற நம் பத்திரிகையில் அந்த வாழ்க்கையைத் தொடராக எழுதச் சொன்னார். அதற்கு முன் உங்கள் பெயர் ஒரு வரியின் கீழும் வந்ததில்லை. முதல் கட்டுரையின் கீழே உங்கள் பெயரைக் கோர்த்து ப்ரூஃப் எடுத்துக் காட்டினேன். நீங்கள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மை காயட்டும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

மதுரைக்குக் கிரேக்கத் தளபதி பிடித்துப் போய்விட்டது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரைப் படிக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மிஷின்காரருக்குக் கேலி செய்ய ஒரு பொருள் கிடைத்தது. கிரீஸ் என்றால் அவருக்கு மிஷினுக்குப் போடுகிற மசகுதான். "என்னப்பா, ஒங்க கிரீசு எப்பிடி இருக்கு?" என்பார். "வழுக்காம நிக்கிதுண்ணே" என்பீர்கள். நீங்கள் நடக்கிற நடையே மாறியிருந்தது. காலை ரயிலில் இறங்கி வரும்போது காப்பிக் கிளப்பு வாசலில் ஆட்கள் உங்களை நிறுத்தி, அடுத்து என்ன என்று கேட்பார்கள். அந்தக் கிளப்புக்குள் உங்களுக்குக் காப்பி கிடையாது. ஆனாலும் வாசலில் நின்று உங்களிடம் கேட்டார்கள். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. தொடர் போய்விட்டால் உங்களுக்கு வேலை மட்டும் போகாது, அந்த வாசலும் போய்விடும்.

பிறகு சித்திரை வந்தது. ஜெர்மன்காரன் கிரேக்கத்துக்குள் இறங்கிவிட்டான். தந்திகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக இருந்தன.

அந்த நாளை ஒன்றும் விடாமல் எழுதிவிடுகிறேன். மாலை ரயிலுக்குக் கட்டுகள் போயாக வேண்டும். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நீங்கள் தபாலாபீசிலிருந்து தந்தியோடு வந்து, நின்றுகொண்டே நான்கு வரி எழுதி என் முன்னால் வைத்தீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. "முடிஞ்சுபோச்சுண்ணே" என்றீர்கள். இன்னொரு தந்தி வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி மறுபடி வெயிலில் இறங்கிப் போனீர்கள்.

கீழே உள்ள வரிகளை இன்னொருவரிடம் கோர்க்கக் கொடுத்தேன். "தளபதியின் நெடிய சேவை இத்துடன் முடிவுற்றது. முழு விவரம் அடுத்த இதழில்." தலைப்பை நானே எடுத்துக்கொண்டேன். நீங்கள் எழுதியிருந்தது 'பதவியினின்று தளபதி வீழ்ந்தார்'. பெரிய எழுத்தில் கோர்த்துப் பார்த்தேன், இரண்டு பத்தி அகலத்தில் அடங்கவில்லை. சின்ன எழுத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்காக அந்த மனிதரைக் கையால் ஒவ்வோர் எழுத்தாகக் கோர்த்தவன் நான். எனக்கும் அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது. வீழ்ந்தார் என்றால் களத்தில் வீழ்ந்தார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. உங்கள் கண்ணும் அதைத்தான் சொன்னதாக நினைத்தேன். செத்துப்போன மனிதருக்குப் பதவி எதற்கு என்று அந்த முதல் வார்த்தையை எடுத்துப் பெட்டியில் போட்டேன். 'தளபதி வீழ்ந்தார்' கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டேன், ஊர்ப் பெரியவர்கள் இறந்தால் போடுகிற அதே கட்டம். யாரையும் கேட்கவில்லை. நன்றாகச் செய்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை சிம்மக்கல்லில் காய்கறிக் கடைகளை அரைநாள் அடைத்தார்கள். மார்க்கெட் வாசலில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். படம் கிடைக்காததால் நம் பத்திரிகையையே நாற்காலியில் நிறுத்தி மாலை போட்டார்கள். பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஆட்கள் சிலர், தளபதிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன கதி என்று அன்று வராமல் நின்றுவிட்டார்களாம். ஆள் சேர்க்கிற அதிகாரி போலீசுக்கு எழுதிவிட்டார். யுத்த காலச் சட்டத்தில், நேச நாட்டுத் தளபதி மாண்டதாகப் பொய்ச் செய்தி போடுவது ராஜத் துரோகத்துக்கு ஒரு படிதான் கீழே.

நீங்கள் காலை ரயிலில் வந்து இறங்கி, மாலை போட்ட பத்திரிகையை மார்க்கெட் வாசலிலேயே பார்த்திருக்கிறீர்கள். அச்சகத்துக்குள் ஓடி வந்து, "அவரு சாகலண்ணே! நீக்கிட்டாங்கன்னுதேனே எழுதினேன்!" என்று கத்தினீர்கள். அந்த நிமிடம்தான் நான் செய்தது எனக்கு விளங்கியது. குனிந்து எழுத்துப் பெட்டியைத் துழாவினேன்.

முதலாளி போலீஸ் கச்சேரிக்குப் போனார். நீங்கள் மார்க்கெட்டில் ஆட்களிடம் விளக்கம் சொல்லப் போனீர்கள். அச்சகத்தில் நானும் மிஷின்காரரும் மட்டும். அவர் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தார். அடித்து முடித்த காப்பிகளை நாம் சுவரோரம் கம்பியில் குத்தி வைப்போம். நான் போய் அந்த நான்கு வரிக் காகிதத்தை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தேன். வைகையில் விட்டுவிடலாம் என்று போனேன். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திருவிழாவுக்கு மணலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழிப் பக்கமாக உட்கார்ந்து, காகிதத்தைக் கிழித்து மணலுக்குள் புதைத்து மூடினேன். பந்தல்காரர் ஒருவர், "என்னண்ணே, காசு எதுவும் விழுந்துருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று எழுந்து வந்தேன்.

பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்று பெண்கள், காரை பெயர்ந்த வீடு என்று எனக்கு நானே அன்று சொல்லிக்கொண்டதெல்லாம் பிற்பாடு சேர்த்த ஜோடனை. நான் பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான்.

மதியம் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். நீங்கள் கை கட்டிக்கொண்டு, ஆனால் நிமிர்ந்து நின்று சொன்னீர்கள். "நான் அப்பிடி எழுதலீங்க. பதவியினின்று வீழ்ந்தார்னு எழுதினேன். காப்பி கம்பியில இருக்கும், பாருங்க."

கம்பியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தவன் நான். அவர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். அது இல்லை.

"தலைப்பக் கோத்தது யாரு?" என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். "நான்தாங்க" என்றேன். "காப்பியில என்ன இருந்துச்சோ அதத்தான் கோத்தேன்."

முதலாளி பெருமூச்சு விட்டார். அச்சகத்துக்குப் பூட்டுப் போடாமல் தப்பித்ததில் அவருக்கு வந்த மூச்சு அது. போலீஸ் வண்டியில் ஏறும்போது நீங்கள் சட்டைப் பையிலிருந்து உங்கள் பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அது அச்சகத்துப் பென்சில்.

அந்த வாரத்திலேயே ஆதன்ஸ் நகரம் விழுந்தது. "கிரீசு தீந்துபோச்சு" என்றார் மிஷின்காரர். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுவாரம் சென்னையிலிருந்து உங்கள் 'ஸ்' பார்சல் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் பெட்டியின் மூலையில் தள்ளினேன்.

உங்கள் வீட்டம்மா ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். உள்ளே வராமல் தெருவில், சாக்கடையைத் தாண்டி நின்றார். "எங்க ஆளு அப்பிடித் தப்பா எழுதுற ஆளா சாமி? ஒரு எழுத்துக்கு ஒம்பது தடவ யோசிக்கும்" என்றார். "விசாரிக்கிறாங்கம்மா, விட்டுருவாங்க" என்றேன். அவர் என்னை நம்பிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

விடவில்லை. ஆறு மாதம் போட்டார்கள். வெளியே வந்தபோது இருமல் உங்களோடு வந்தது. மதுரையில் எந்த அச்சகமும் உங்களைச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நம் முதலாளியிடமும் வந்து நின்றீர்களாம். அன்று நான் விடுப்பு. நீங்கள் வருவதாகத் தெரிந்துதான் விடுப்பு எடுத்தேன்.

அடுத்த வருடம் கெய்ரோவிலிருந்து ஒரு தந்தி வந்தது. தப்பி வந்த கிரேக்க அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலில் உங்கள் தளபதியும் இருந்தார். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு சோழவந்தானுக்கு ரயிலேறினேன். உங்களிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். கொடிக்காலில் இருக்கிறீர்கள் என்றார்கள். உங்கள் அப்பா நின்ற அதே வாய்க்காலில், கோவணத்தோடு இடுப்பளவு பள்ளத்தில் நின்று கொடிகளுக்குத் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருந்தீர்கள். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினீர்கள்.

"வாங்கண்ணே. என்ன இம்புட்டுத் தொலவு?"

"ஒன் தளபதி உசுரோடதேன் இருக்காரு. கெய்ரோவுல. தந்தி வந்துச்சு."

உங்கள் முகம் ஒரு கணம் பழைய முகமாகிவிட்டது. "திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"கூப்பிடுவாங்க. அவரத் திரும்பக் கூப்பிடுவாங்கண்ணே" என்றீர்கள். பிறகு இருமல் வந்தது. வரப்பில் உட்கார்ந்து அது முடியும் வரை காத்திருந்தோம்.

"அந்தக் காப்பி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே."

நான் வரப்புப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினேன்.

"முந்துன நாளு காப்பி கம்பியில இருந்துச்சு. அன்னைக்குக் காப்பி பூராவும் இருந்துச்சு. நடுவுல அது ஒண்ணு மட்டும் தானா எறங்கிப் போகுமா? அந்தக் கறுப்புக் கட்டம் வேற. நாலு மூலையும் சந்து தெரியாமச் சேந்திருந்துச்சு. நம்ம ஆபீஸ்ல அப்பிடிச் சேக்குறது நீங்க ஒரு ஆளுதேன்."

"ஏன் சொல்லல?"

நீங்கள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கால் சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே, நேற்று மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேண்ணே. கோர்ட்டுல மூணு வாய்தா. மூணு தடவையும் வாசல் கதவையேதேன் பாத்துக்கிட்டு நின்னேன். அம்புட்டுத்தேன்."

காலைப் பிடித்து அழுதிருக்க வேண்டும். அழவில்லை. தொண்டை வறண்டு போயிருந்தது. கொடிக்காலை ஒட்டிய வீட்டு வாசலில் நின்ற உங்கள் வீட்டம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, நான் குடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. "வெயிலு ஏறுறதுக்குள்ள டேசனுக்குப் போயிருங்கண்ணே" என்று நீங்கள்தான் என்னை வழியனுப்பினீர்கள். திரும்பிப் பார்த்தபோது மறுபடி வாய்க்காலில் இறங்கியிருந்தீர்கள்.

தை மாதத்தில், சிம்மக்கல்லுக்கு வெற்றிலைக் கூடை கொண்டுவரும் ஆள் மூலமாக நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள் என்றார். போய்த் துக்கமாவது கேட்டிருக்கலாம். அச்சகத்தில் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யுத்தம் முடிந்ததும் உங்கள் தளபதியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நான்கு வரிச் செய்தியாக வந்த அதையும் நான்தான் கோர்த்தேன். தொடரில் நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தை யாரும் எழுதவில்லை.

இப்போது பயப்பட எனக்கு எதுவும் மீதியில்லை. பெண்கள் மூவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். யுத்த காலச் சட்டம் போய்விட்டது, போட்டவர்களும் கப்பலேறிவிட்டார்கள். இன்று நான் உண்மையைச் சொன்னால் யாரும் என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை.

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து புதிதாக ஒருவர் அச்சுக் கோர்க்க வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். புதிதாக யார் வந்தாலும் மிஷின்காரர் ஒரு கதை சொல்வார், அச்சகத்தில் அது வழக்கமாகிவிட்டது. பேனாவாலேயே ஒரு தளபதியைக் கொன்ற ஆள் இங்கே இருந்தார் என்று தொடங்கி, மார்க்கெட்டில் மாலை போட்டது, கடை அடைத்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். அன்றும் சொன்னார். புதியவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நெசமாவாண்ணே? அம்புட்டு அசடாவா ஒரு மனுசன் இருப்பான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் கோர்த்துக்கொண்டிருந்த வரியைக் கீழே வைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நல்ல மனுசன்தேன்" என்றேன். "கொஞ்சம் அவசரக்காரன்."

அவர்கள் மறுபடி சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.